தினமும் பதிவிட்டால் வாடிக்கையாளர் வருவாரா?
மென்பொருள் நிறுவனங்கள் லிங்க்ட்இன், எக்ஸ், இன்ஸ்டாகிராம் என எல்லாத் தளங்களிலும் தினமும் ஒரு பதிவாவது இட வேண்டும் என்று இங்கே வெளியான கட்டுரை சொல்லும் கருத்தை என் அனுபவத்தைக் கொண்டு ஏற்க இயலவில்லை. கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றின் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் நான் பணியாற்றியபோது, ஏறத்தாழ ஓராண்டு லிங்க்ட்இனில் நாள் தவறாமல் பதிவிட்டோம்; லைக் போட்டவர்களில் பெரும்பாலோர் எங்களைப் போன்ற பிற மென்பொருள் நிறுவன ஊழியர்களே தவிர, எங்கள் மென்பொருளை வாங்கக்கூடிய கடைக்காரர்கள் அல்லர். பிறகு, மாலை நேர அழைப்புகளில் திரும்பத் திரும்ப வந்த ஒரே கேள்வியை எடுத்துக்கொண்டு, ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸில் (அரசுத் தளத்தில் பதிவாகும் மின்னணு பில்லில்) பிழை நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் அதை எப்படி ரத்து செய்வது என்பதைத் திரையில் காட்டித் தமிழில் விளக்கும் மூன்று நிமிடக் காணொளி ஒன்றை யூடியூபில் ஏற்றினோம். கடைக் கணக்கர்கள் அதைத் தங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் தாங்களே பகிர்ந்துகொண்டார்கள், "அந்த வீடியோ போட்ட கம்பெனிதானே?" என்று கேட்டபடியே புதியவர்கள் அழைக்கத் தொடங்கினார்கள். விளம்பரத்துக்குப் பணம் இல்லாத நிறுவனத்தால் எதுவும் செய்ய முடியாது என்று மேலே ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருக்கு, கோப்புகளை இணையத்தில் சேமித்துப் பகிர உதவும் டிராப்பாக்ஸை நினைவூட்ட விரும்புகிறேன். 2008இல் அதன் நிறுவனர்களில் ஒருவரான ட்ரூ ஹூஸ்டன், இணைப்புகளைப் பகிர்ந்து வாசகர்களே வாக்களிக்கும் டிக் (Digg) தளத்தின் வாசகர்கள் கண்டு ரசிக்கும்படியான குறிப்புகளை ஆங்காங்கே ஒளித்துவைத்து, தாமே குரல் கொடுத்து வெளியிட்ட செயல்விளக்கக் காணொளியால், அந்தச் சேவையின் சோதனைப் பதிப்பைப் பெறக் காத்திருப்போர் பட்டியல் ஒரே இரவில் 5,000இலிருந்து 75,000 ஆக உயர்ந்தது.