முதல் வாரம் புத்தகத்தைத் திறக்காதீர்கள்

ஜூன் பிறந்துவிட்டது. புத்தகக் கட்டுகள் வந்து இறங்கிவிட்டன, கால அட்டவணையும் கைக்கு வந்துவிட்டது. புதிதாகப் பணியில் சேர்ந்த தங்கை ஒருவர் நேற்று தொலைபேசியில் கேட்டார்: "அக்கா, வரலாற்றுக்கு என்ன துணைக்கருவி வைத்திருக்கிறீர்கள்?" அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். முதல் வாரம் புத்தகம் மூடியே இருக்கட்டும். ஏதாவது ஒரு வரலாற்றுச் சான்று பிள்ளைகளின் கைக்குப் போகட்டும்.

என் மேசை இழுப்பறையில் ஓர் ஓட்டைக் காலணா இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் உலோகத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது நடுவில் துளையிட்டு அச்சடித்த காசு. அதை ஏழாம் வகுப்பில் கொடுத்துவிட்டு நான் வாய் திறக்க மாட்டேன். சென்ற ஆண்டு ஒரு பெண் முதலில் அந்தத் துளை வழியே ஜன்னலைப் பார்த்தாள். பிறகு விரல்நுனியால் தடவி 1944 என்று வாசித்தாள். "டீச்சர், இதில் கிரீடம் போட்டிருக்கிறதே, அப்போது ராஜா யார்?" அந்த ஒரு கேள்வியில் இரண்டு பாடவேளைகள் ஓடின. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 காலணா, 1957 ஏப்ரல் முதல் நாளிலிருந்து ரூபாய்க்கு 100 நயா பைசா என்று கணக்குப் போட்டார்கள். 25 பைசாவைத் தாத்தா ஏன் நாலணா என்கிறார் என்பது அன்றுதான் அவர்களுக்குப் புரிந்தது.

சோழர் பாடத்துக்கு ஒரு மண்பானையும் கொஞ்சம் ஓலை நறுக்குகளும் போதும். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 921-ஐச் சேர்ந்தது, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு ஊர்ச் சபைக்கு ஆளெடுக்கும் குடவோலை முறையின் விதிகளை வரிசையாகச் சொல்கிறது: வயது 35-க்கு மேல் 70-க்குள், கால்வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை. விதிகளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, வகுப்பில் யார் யார் பெயரைப் பானையில் போடலாம் என்று கேளுங்கள். பெண்கள் பெயரைக் காணோம், நிலமில்லாதவர் பெயரைக் காணோம் என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். "ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தேர்தல்" என்று பெருமை பேசி நிறுத்திவிடுகிறோம். அந்தப் பெருமை நியாயமானதுதான். பானைக்கு வெளியே நின்றவர்களைப் பற்றியும் பேசினால்தான் பாடம் முழுமையாகும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பரிந்துரைக்கிறேன். பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த அவர் 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் எழுதியது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த செய்தியை அதில் வாசித்துவிட்டுப் பாடநூலுக்கு வாருங்கள். அங்கே ஒற்றை வரியாக இருப்பது, அந்தக் காலத்திலேயே வாழ்ந்தவர் எழுத்தில் எத்தனை பக்கம் விரிகிறது என்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

பழைய நூல்களுக்கும் இதழ்களுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது. மதுரை, சிவகங்கைப் பக்கத்து ஆசிரியர்களுக்கு 2023-இல் திறந்த கீழடி அருங்காட்சியகம் எட்டும் தூரத்தில் இருக்கிறது. அங்கே ஆதன் என்று பெயர் கீறிய பானை ஓட்டின் முன்னால் வகுப்பைப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். மற்றவற்றை அவர்களே சுற்றிப் பார்த்துக்கொள்வார்கள்.

உங்கள் ஊர்க் கோயிலில் கல்வெட்டு இருந்தால் அனுமதி வாங்கி அழைத்துப் போங்கள். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். எழுத்து தெரியவில்லை என்று சுண்ணக்கட்டித் தூளோ மாவோ எண்ணெயோ தேய்க்காதீர்கள். மங்கலான மூலையில் கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள், வெட்டுகளில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். விளக்கை ஒரு பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள்.