அப்பாயியின் ஞாபகமும் சித்தப்பாவின் மாத்திரையும்

எங்கள் அப்பாயிக்கு 92 வயது. ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. 2018 கஜா புயலில் விழுந்த தென்னைகளை நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தபோது, 1952 புயலில் எந்த மரம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று கொல்லையில் நின்று கைகாட்டிச் சொன்னார். இன்றும் தப்பாமல் சொல்வார். அவருடைய தம்பிக்கு 84. பெற்ற மகனைப் பார்த்தே "தம்பிக்கு எந்த ஊர்?" என்று கேட்கிறார். இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், ஒரே கொல்லைத் தேங்காயில் வளர்ந்தவர்கள்.

போன மாதப் பரிசோதனையில் அப்பாயிக்குக் கொலஸ்ட்ரால் 240ஐத் தாண்டியிருந்தது. அதே வாரம் சித்தப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: கொலஸ்ட்ரால் கூடினால் மூளைக்கு நல்லதாம். இரண்டையும் முடிச்சுப் போட்டு, 54 வயதுச் சித்தப்பா தன் கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்திவிட்டார். எனக்கு அன்றிரவு தூக்கமே வரவில்லை.

அந்தச் செய்தி முழுப் பொய்யும் அல்ல. 85ஐக் கடந்தவர்களில் கொலஸ்ட்ரால் கூடுதலாக உள்ளவர்களுக்கு ஞாபகம் நன்றாக இருந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அவை பார்த்தது பிழைத்துக் கிடந்தவர்களை மட்டும்தான். ஐம்பதிலும் அறுபதிலும் மாரடைப்பில் போனவர்கள் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். நடுவயதில் கெட்ட கொலஸ்ட்ரால் கூடுவது மறதிநோய்க்கும் வழிவிடும் என்று 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் அந்நோய்க்கான காரணங்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. தவிர, மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே செய்துகொள்கிறது. ரத்தத்தில் ஓடுவது அங்கே போய்ச் சேர்வதில்லை.

அப்பாயியின் ஞாபகத்துக்கு அவர் பிறவியிலேயே கொண்டுவந்ததும் காரணமாக இருக்கலாம். நியூயார்க்கில் நூறு வயதை ஒட்டிய யூத முதியவர்களிடம் முதுமையை ஆராயும் மருத்துவர் நிர் பார்சிலாய் குழுவினர் சிஇடிபி என்ற மரபணுவின் ஒரு வகையைக் கூடுதலாகக் கண்டார்கள். அது உள்ளவர்களின் கொலஸ்ட்ரால் துகள்கள் அளவில் பெரியவை, ஞாபகமும் தெளிவு. மாறாக, மூளைக்குள் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் புரதத்துக்கான அபோஇ மரபணுவில் நான்காம் வகை வாய்த்தவர்களுக்கு அல்சைமர் என்ற மறதிநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது.

சித்தப்பா அப்பாயிக்கு மட்டும் பிள்ளை இல்லை, தாத்தாவுக்கும் பிள்ளை. தாத்தா 58 வயதில், நடவு நடந்துகொண்டிருந்த வயலின் வரப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவே இல்லை. தண்ணீர்ச் செம்போடு ஓடியது 15 வயதுச் சித்தப்பாதான்.

சித்தப்பா, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். சனிக்கிழமை மன்னார்குடி டாக்டரிடம் சேர்ந்தே போவோம். அந்த மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.