சோஷியாலஜி படிச்சா என்ன வேலை கிடைக்கும்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் எங்கள் தண்டையார்பேட்டைப் பக்கம் இந்தக் கேள்வி வந்துவிடும். "பி.காம். கிடைக்கலன்னா சோஷியாலஜி போட்டுக்கலாமாக்கா?" சோஷியாலஜி, அதாவது சமூகவியல், வேறு எதுவும் கிடைக்காதவர்களுக்கான படிப்பு என்ற நினைப்பு அது. எனக்குக் கோபமே வருகிறது. வடசென்னைப் பிள்ளைகள் தேடிப்போய்ப் படிக்க வேண்டிய பாடம் இது. நம்மைப் பற்றிய அறிக்கைகளை நம் தெருவே தெரியாதவர்கள் எழுதிக்கொண்டிருப்பது போதும்.

காசிமேட்டுக்குக் கணக்கெடுக்க வருகிறவர் கையிலிருக்கும் படிவத்தில் 'மாத வருமானம்' என்று ஒரு கட்டம் இருக்கும். விசைப்படகில் போகிறவருக்கு ஏது மாதச் சம்பளம்? மீன் விற்ற காசில் டீசல், ஐஸ் செலவெல்லாம் கழித்து, மிச்சத்தில்தான் பங்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வேறு. அந்த நாட்களில் பல வீடுகளில் அடுப்பெரிவது அம்மா கூடை தூக்கி மீன் விற்ற காசில், வட்டிக்கு வாங்கின காசில். படிவத்தில் அந்த அம்மா 'இல்லத்தரசி'! கேள்வியை எப்படி மாற்றிக் கேட்டால் உண்மை வரும் என்பதைச் சொல்லித்தருவதுதான் ஆய்வுமுறைப் பாடம். காசிமேட்டுப் பிள்ளைக்கு அதில் பாதி வீட்டிலேயே தெரியும். 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தம் ஏன் புளியந்தோப்பில் சாதிக் கலவரமாகத் திரும்பியது என்று கேட்கவும் இந்தப் படிப்பு வேண்டும்.

சரி, வேலை? வெறும் பி.ஏ.வோடு நின்றால் கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். எம்.ஏ. முடித்து நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேறினால் கல்லூரி ஆசிரியர் வேலைக்குப் போட்டியிடலாம். எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் பக்கம் போனால் மருத்துவமனை, குழந்தைகள் பாதுகாப்பு. யு.பி.எஸ்.சி. மெயின்ஸில் சமூகவியல் விருப்பப் பாடம், இரண்டு தாள், 500 மார்க். 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டை, அதாவது நிலம் எடுத்தால் அங்குள்ள மக்களுக்கு என்ன பாதிப்பு என்று பார்ப்பதை, கொண்டுவந்தது. விலக்குகள் உண்டு என்றாலும், அந்த மதிப்பீட்டுக்கு வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதத் தெரிந்த ஆள் வேண்டும். சந்தை ஆய்வு நிறுவனங்களுக்கும் அப்படித்தான்.

அதற்கு எக்செல் வேண்டும், தமிழில் கேட்டதை ஆங்கிலத்தில் அறிக்கையாக எழுதவும் வர வேண்டும். அதனால் அட்மிஷனுக்குப் போகும் பெற்றோர் அந்தத் துறை ஆசிரியரிடமே கேளுங்கள்: பிள்ளைகளைக் களத்துக்கு அழைத்துப்போகிறீர்களா, மூன்றாம் வருஷத்தில் ப்ராஜெக்ட் எழுதவைக்கிறீர்களா, போன வருஷம் முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?