தலையில் கட்டிய வாட்ச்

(கமலாவின் அப்பா ஆயுசு முழுக்க வாட்ச் ரிப்பேர் பார்த்தவர். கண்ணில் இடுக்கிக்கொள்ளும் அவருடைய லென்ஸ் இப்போது கமலாவிடம் இருக்கிறது. ராகவன் இதை மறந்துபோனதுதான் வினை.)

ராகவன்: கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டு, கமலா. 1940-ல் செய்த ரோலெக்ஸ்!

கமலா: (காதோரம் வைத்து) என்னங்க, வினாடி முள் நொடிக்கு ஒரு தாவு தாவுகிறதே?

ராகவன்: நிதானமான வாட்ச்.

கமலா: சாவி கொடுக்கிற அந்தக் காலத்து வாட்சில் வினாடி முள் பெரும்பாலும் நொடிக்கு அஞ்சு தடவை துடிக்கும். வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். இது பாட்டரி. இப்படிப் பாட்டரியில் ஓடுகிற குவார்ட்ஸ் கைக்கடிகாரம் முதன்முதலாக விற்பனைக்கு வந்ததே 1969 டிசம்பரில், சீக்கோ கம்பெனி போட்டது.

ராகவன்: காலத்தை முந்திய தயாரிப்பு என்று விற்றவர் சொன்னார்.

கமலா: 29 வருஷம் முந்தியா? சரி, இந்தத் தேதி ஜன்னல்? தானாகத் தேதி மாறுகிற ஜன்னலை ரோலெக்ஸ் கொண்டுவந்தது 1945-ல். மேலே தேதியைப் பெரிதாக்கிக் காட்டுகிற குமிழ் 1950-களில்.

ராகவன்: இதையும் முந்திவிட்டது என்று வைத்துக்கொள்ளேன்.

கமலா: வாட்ச் வாங்கினீர்களா, ஜோசியம் வாங்கினீர்களா?

ராகவன்: விளக்கை அணை. இருட்டில் பார்த்துவிட்டுப் பேசு. (அணைக்கிறார்) பச்சைப் பசேல் என்று எப்படி ஜொலிக்கிறது!

கமலா: போச்சு. அந்தக் காலத்து டயலில் ஒளிர்வதற்குக் கதிர்வீசுகிற ரேடியம் பூசுவார்கள். ரேடியம் பாதி தேயவே 1600 வருஷம் ஆகும். ஆனால் அதோடு கலந்திருக்கிற, வெளிச்சம் தருகிற துத்தநாக சல்பைடு சில பத்தாண்டுகளில் பொசுங்கிவிடும். 1940 டயல் இந்நேரம் இருட்டில் செத்துக் கிடக்க வேண்டும். நீங்கள் வாங்கியது நைட் லேம்ப்.

ராகவன்: அய்யோ, ரேடியமா? கையில் கட்டினேனே!

கமலா: பயப்படாதீர்கள். உங்களுடையதில் அது இல்லை. நிஜ ரேடியம் டயலைத்தான் வீட்டில் திறந்து சுரண்டக் கூடாது, தூள் மூச்சில் போய்விடும்.

ராகவன்: (நிம்மதியாக) நல்ல வேளை, போலி.

கமலா: வந்துவிட்டது பாருங்கள் வாயில்!

ராகவன்: அது... ஒரு பேச்சுக்கு. டயலில் இந்தப் பழுப்பு? இந்தக் கீறல்கள்? ஒரு கப்பல் கேப்டன் கட்டிய வாட்சாம்.

கமலா: (லென்ஸை இடுக்கிக்கொண்டு) கீறல் எல்லாம் ஒரே திசையில் போகிறது. கேப்டன் கையைத் தினமும் உப்புத்தாளில் தேய்த்தாரா? உடம்பெல்லாம் கிழடு, சாவித் திருகின் பல் மட்டும் நேற்று முளைத்ததுபோல் கூர்மை. டீத்தண்ணியில் நனைத்த மாதிரி பழுப்பு திட்டுத்திட்டாக இருக்கிறது. எழுத்தின் ஓரமெல்லாம் மை கசிந்திருக்கிறது. நிஜ டயலில் எழுத்து வெட்டியெடுத்ததுபோல் நிற்கும்.

(கத்தி முனையால் பின்மூடியை நெம்புகிறாள். உள்ளே பெரிய பிளாஸ்டிக் வளையம். அதன் நடுவில் ஓட்டைக்குள் விழுந்த காசு மாதிரி ஒரு சின்ன எந்திரமும் பொத்தான் பாட்டரியும்.)

கமலா: கேப்டன் வீட்டில் ஆளே இல்லை. திண்ணை மட்டும்தான்.

ராகவன்: நான் ஒருத்தன்தான் ஏமாந்தேனா? 2021-ல் ஜெனீவா ஏலத்தில் ஸ்பீட்மாஸ்டர் என்கிற தன்னுடைய பழைய வாட்ச் ஒன்றை 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் கொடுத்து ஒமேகா கம்பெனியே வாங்கியது. பல வாட்சுகளின் உதிரிகளைப் பொறுக்கிச் சேர்த்தது என்று 2023-ல்தான் தெரிந்தது!

கமலா: அவர்களை ஏமாற்ற அவ்வளவு மெனக்கெட்டார்கள். உங்களுக்கு ஒரு பிளாஸ்டிக் வளையம் போதும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள், பாருங்கள்.

(ராகவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகத் தன் இடது கையைப் பார்க்கிறார். கல்யாணத்தன்று மாமனார் கட்டிவிட்ட வாட்ச்.)

ராகவன்: அந்த லென்ஸைக் கொடு.

கமலா: எதற்கு? அது அப்பா கொடுத்தது.

ராகவன்: அதனால்தான். (பார்க்கிறார்) டயலில் இருக்கிற புள்ளியெல்லாம் வெண்ணெய் நிறம். முள்ளில் பூசியது பால் வெள்ளை. ஒரே வயசு என்றால் ஒரே மாதிரிதானே பழுத்திருக்க வேண்டும்? (மூடியைத் திறந்து) அட! டயலில் ஒரு கம்பெனி பெயர், உள்ளே எந்திரத்தில் வேறொரு கம்பெனி பெயர்!

கமலா: அது வந்து... அப்பா கடையில் மிஞ்சிய உதிரிகளைப் போட்டு அவர் கையாலேயே கோத்தது. கூட்டுக்குடும்பம் மாதிரி.

ராகவன்: அதாவது போலி.

கமலா: ஒரிஜினல் என்று சொல்லி விற்றால்தான் போலி. அப்பா யாரிடமும் விற்கவில்லையே.

ராகவன்: விற்கவில்லை. என் தலையில் கட்டிவிட்டார்.

கமலா: நீங்கள் வாட்சைத்தானே சொல்கிறீர்கள்?

(ராகவன் அவசர அவசரமாக மாமனார் வாட்சுக்குச் சாவி கொடுக்கிறார்.)