குட்டியைக் கையில் எடுப்பதற்கு முன் தாயைக் காட்டச் சொல்லுங்கள்

ஏற்காடு கோடை விழாவின் நாய் கண்காட்சிப் படங்கள் வாட்சப்பில் சுற்ற ஆரம்பித்ததும் சேலத்தில் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். ஒரு பிள்ளை லேப்ரடார் வேண்டும் என்கிறது, இன்னொன்று ஹஸ்கி கேட்கிறது. அப்புறம் எனக்கு போன் வரும். "அண்ணா, ஒருத்தர் குட்டி வச்சிருக்காராம். கூட வந்து பாத்துச் சொல்றீங்களா?" நாய்களோடு பல வருடமாக இருக்கிறவன் என்பதால் கூப்பிடுகிறார்கள், நானும் போகிறேன். அப்படிப் போன இடங்களில் பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் கோபமாகவே இருக்கும்.

போகிறவர்கள் எல்லாரும் குட்டியைத்தான் பார்க்கிறார்கள். ஒரு மாதக் குட்டி எதுவாக இருந்தாலும் அழகாகத்தான் இருக்கும், அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. பார்க்க வேண்டியது தாயை. பெண் பார்க்கப் போகிறவர்களுக்குப் பெரியவர்கள் சொல்வார்களே, தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டாம் என்று, அது நாய்க்கு அச்சு அசலாகப் பொருந்தும்.

தாயைக் காட்டுங்கள் என்று கேட்டதும் வரும் பதில்களைக் கவனியுங்கள். "தாய் தோட்டத்துல இருக்குங்க." "புது ஆளைப் பாத்தா கடிச்சிடும்." "இது ஃப்ரெண்டு வீட்டுக் குட்டி, நான் வித்துக் குடுக்கறேன்." இதில் எதைக் கேட்டாலும் கிளம்பிவிடுங்கள். உண்மையிலேயே வீட்டில் வளர்க்கிறவர் கட்டிப்போட்டாவது தூரத்தில் இருந்து காட்டுவார். தந்தை நாய் அங்கே இல்லாமல் இருக்கலாம், இணை சேர்க்கத் தாயை வெளியூரில் இருக்கும் ஆண் நாயிடம் கொண்டுபோவது வழக்கம்தான். தாய் இல்லாமல் இருக்க நியாயமே இல்லை, குட்டிகள் பால் குடிக்கும் வயதில் அது வேறு எங்கே போகும்?

காட்டினால், நின்று பாருங்கள். பால் கொடுக்கும் நாய் கொஞ்சம் இளைத்திருக்கும், முடியும் கொட்டும், அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருக்கிறதா, முழங்கையில் சிமெண்ட் தரையும் கூண்டும் உரசிய புண் இருக்கிறதா, நடக்கவே விடாததால் நகம் வளைந்து வளர்ந்திருக்கிறதா, சொந்தக்காரர் கையைத் தூக்கினாலே பதுங்குகிறதா, இதைப் பாருங்கள். ஒரு இடத்தில் மடி தரையைத் தொடுகிற அளவுக்குத் தொங்கிப்போன ஒரு பக் நாயைப் பார்த்தேன். எத்தனையாவது ஈத்து, அதாவது எத்தனையாவது முறை குட்டி போட்டிருக்கிறது, என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. அந்த நாயின் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை.

இதற்குச் சட்டம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள்படி, நாய் இனப்பெருக்கம் செய்து விற்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பெண் நாய்க்கு 18 மாதம் ஆவதற்கு முன் இணை சேர்க்கக் கூடாது. 12 மாதத்துக்கு ஒரு ஈத்துக்கு மேல் கூடாது, ஆயுளுக்கே ஐந்து ஈத்துதான். நாய் பெரும்பாலும் வருடத்துக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும், இரண்டு முறையும் குட்டி எடுத்தால் காசு இரட்டிப்பு. அதனால் விற்கிறவர் சமூக ஊடகத்தில் போட்ட பழைய பதிவுகளைத் தேடிப் பாருங்கள். ஐந்தாறு மாதத்துக்கு முன் போட்ட படத்தில் அதே தாய் வேறு குட்டிகளோடு படுத்திருந்தால், உங்களுக்கு வேறு சாட்சி வேண்டாம்.

அடுத்தது வயது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்றும் அந்த விதிகளில் இருக்கிறது. நம் ஊரில் 30 நாளில் கைமாறுவதுதான் நடப்பு. "45 நாள் ஆச்சுங்க" என்று சொல்வார்கள். வாயைத் திறந்து பாருங்கள், இரண்டு மாதக் குட்டிக்கு 28 பால்பற்களும் பெரும்பாலும் வந்திருக்கும். சீக்கிரம் பிரித்தால் என்ன என்று கேட்கிறார்கள். கூடப் பிறந்தவற்றோடு கடித்து விளையாடித்தான், எவ்வளவு கடிக்கலாம் என்பதையே குட்டி கற்றுக்கொள்கிறது. அது கிடைக்காத குட்டி பிறகு உங்கள் பிள்ளையின் கையில் அதைக் கற்றுக்கொள்ளும்.

30 நாள் குட்டிக்கு "வேக்சின் எல்லாம் போட்டாச்சு" என்றால் நம்பாதீர்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பு சக்தி உடம்பில் இருக்கும்போது தடுப்பூசி சரியாக வேலை செய்யாது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பித்து, மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். கார்டில் மருந்தின் ஸ்டிக்கர், தேதி, மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண் எல்லாம் இருக்க வேண்டும். பேனாவால் எழுதிய தேதி மட்டும் இருந்தால் அது கணக்கில் வராது.

அஸ்தம்பட்டியில் எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, எல்லா இனமும் கிடைக்கும் என்று சொன்ன ஒருவரிடம் வாங்கினார்கள். வந்த சில நாளில் குட்டி வாந்தி எடுத்தது, பிறகு ரத்தமாகப் பேதி. பார்வோ, குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோய். ட்ரிப்ஸ் ஏற்றியும் பிழைக்கவில்லை. விற்றவரிடம் கேட்டால், "இங்க நல்லாத்தான் இருந்துச்சு, உங்க வீட்டுக்கு வந்துதான் ஆகியிருக்கு" என்றார். பார்வோ உடம்புக்குள் போய் அறிகுறி தெரியவே பொதுவாக மூன்று முதல் ஏழு நாள் ஆகும், கிளம்பும்போது துள்ளிக்கொண்டுதான் இருக்கும். பல இடத்துக் குட்டிகளைக் கொண்டுவந்து ஒரே அறையில் அடைத்தால் ஒன்றிடமிருந்து எல்லாவற்றுக்கும் போகும். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும் என்பதால், அந்த வீட்டுப் பெண் குழந்தை அடுத்த குட்டிக்காக நீண்ட நாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. பல இனம் ஒரே இடத்தில் கிடைக்கிறதே என்று சந்தோஷப்படாதீர்கள் என்று நான் கெஞ்சுவதற்கு இதுதான் காரணம்.

உப்பிய வயிறைப் பார்த்து "நல்லா கொழுகொழுன்னு இருக்கு" என்பார்கள். உடம்பு ஒல்லியாக, வயிறு மட்டும் உப்பியிருந்தால் பெரும்பாலும் குடற்புழு. ராஜபாளையம் வாங்குகிறவர்கள், குட்டி பார்க்காதபோது பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள், அந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு.

"பேப்பரோட ஒரு ரேட்டு, பேப்பர் இல்லாம ஒரு ரேட்டு" என்பதும் ஒரு அபாய அறிகுறி. பேப்பர் என்பது வம்சாவளிச் சான்றிதழ். தாய் தந்தை இரண்டும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவில் பதிவானவை என்றால் ஈத்து மொத்தத்தையும் பதிவு செய்துவிடலாம், ஒரு குட்டிக்கு இருந்து இன்னொன்றுக்கு இல்லாமல் போவது எப்படி? அந்தப் பேப்பர் வம்சத்துக்குத்தான் சாட்சி, ஆரோக்கியத்துக்கு இல்லை. லேப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் என்றால், பரம்பரையாக வரும் இடுப்பு மூட்டுக் கோளாறு இல்லை என்று காட்ட, தாய் தந்தையின் இடுப்பு எக்ஸ்ரே இருக்கிறதா என்று கேளுங்கள். "ஹெவி போன், சாம்பியன் லைன்" என்று எலும்புப் பருமனும் வம்சப் பெருமையும் மட்டும் பதிலாக வந்தால் புரிந்துகொள்ளுங்கள்.

"வீட்டுக்கெல்லாம் வேண்டாம், புது பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுங்க, குட்டியைக் குடுத்துடறேன்" என்கிறவர்களும், அட்வான்ஸை ஜிபேயில் போட்டால் ஆம்னி பஸ்ஸில் கூடையில் அனுப்புகிறேன் என்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித் தனியாக எழுத ஒன்றும் இல்லை.

நல்லவர்களும் இருக்கிறார்கள். கன்னங்குறிச்சிப் பக்கம் ஒருவர், நாங்கள் கேட்டதைவிட அதிகமாக எங்களைக் கேட்டார். வீடு சொந்தமா, பகலில் யார் இருப்பீர்கள், பெரியவர்களுக்குச் சம்மதமா. வளர்க்க முடியாமல் போனால் தெருவில் விடாமல் தன்னிடமே கொண்டுவந்து விட வேண்டும் என்றார். உங்களை ஒரு கேள்வியும் கேட்காதவருக்கு அந்தக் குட்டியின் மேல் அக்கறை இல்லை. வெயிலில் 40 டிகிரியைத் தொடுகிற நம் ஊரில், மாடி போர்ஷனில் இருக்கிறவருக்கு "ஏற்காட்டுல பொறந்தது சார், ஒண்ணும் ஆகாது" என்று குளிர்நாட்டு நாயான ஹஸ்கியின் குட்டியைக் கொடுப்பவரை வேறு என்ன சொல்வது? ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குட்டி வாழப்போவது கீழே சேலத்து அம்மாபேட்டையில்.

"டாக்டரிடம் காட்டிவிட்டு மீதிப் பணம் தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். ஒப்புக்கொள்ளாதவரிடம் வாங்க வேண்டாம்.

இன்னொன்று, இது எனக்கே கஷ்டமான விஷயம். மோசமான இடத்தில் குட்டியைப் பார்த்ததும், பாவம், இதையாவது காப்பாற்றுவோம் என்று வாங்கத் தோன்றும். வாங்காதீர்கள். நீங்கள் கொடுக்கும் பணம்தான் அந்தத் தாயை மறுபடியும் சினையாக்கும். வெளியே வந்து, பார்த்ததை எழுதி, முடிந்தால் படத்தோடு, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் கால்நடை பராமரிப்புத் துறையிலும் மனு கொடுங்கள்.

சேலத்தில் குட்டி பார்க்கப் போகிறவர்களுக்குக் கூட வர ஆள் வேண்டும் என்றால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் வருகிறேன்.