கழிவுத் தண்ணி எங்கை போகுது, ஐயா?

வெள்ளிக்கிழமை குடிதண்ணி சுத்திகரிக்கிற ஆர்.ஓ. மெசின் திறப்பு விழாவிலை நடந்தது எல்லாருக்கும் தெரியும், வீடியோவும் சுத்துது. மெசினிலை இருந்து வெளியிலை போற கழிவுத் தண்ணியைக் கரியாலை, பூஞ்சையாலை சுத்தமாக்கலாம் எண்டு நான் சொன்னன். "உமிக்கரி, பூஞ்சை எண்டு கதைக்கிறவை அம்மிக் காலத்திலை நிக்கினம்" எண்டு மைக்கிலை பேசின ஐயா சொல்ல, முன்வரிசை சிரிச்சுது. சிரியுங்கோ. நான் கேட்ட கேள்வி ஒண்டே ஒண்டு: கழிவுத் தண்ணி எங்கை போகுது?

ஆர்.ஓ. மெசின் தண்ணியை ஒரு மென்சவ்வுக்குள்ளாலை அழுத்தி வடிக்கும்; எதையும் அழிக்காது, பிரிக்கத்தான் செய்யும். பூச்சிமருந்து, பிளாஸ்ரிக்கிலை இருந்து கசியிற பிஸ்பினோல் ஏ, மாத்திரை ஹோர்மோன் எல்லாம் பெரும்பாலும் செறிஞ்சு மற்றக் குழாயாலை வெளியிலை வரும். அது வாய்க்காலுக்கை விழுகுது. வாய்க்கால் எங்கை போகுது எண்டு ஊருக்குத் தெரியும்.

"அந்தச் சொட்டு என்ன செய்யும்?" எண்டு கேப்பியள். கனடாவிலை 2001 தொடக்கம் 2003 வரை ஒரு ஆராய்ச்சி ஏரிக்குள்ளை கருத்தடை மாத்திரையிலை உள்ள ஹோர்மோனை லீற்றருக்கு 5, 6 நானோகிராம் (ஒரு நானோகிராம் எண்டா கிராமிலை நூறு கோடியிலை ஒரு பங்கு) அளவிலை கலந்து பார்த்தவை. ஆண் மீனுக்குள்ளை முட்டை வந்து, ஒரு சின்ன மீனினம் அங்கை கிட்டத்தட்ட அழிஞ்சே போச்சு. கொதிக்க வைச்சாலும் உதுகள் போகாது. தேத்தாங்கொட்டை கலங்கலைத்தான் தெளிய வைக்கும்.

அப்பா காலபோக நெல்லுக்கு மருந்தடிச்சுப்போட்டு தெளிகருவியை வாய்க்காலிலைதான் கழுவுவார். அதுக்குக் கீழை நாங்கள் குளிப்பம். அவரைக் குறை சொல்லேல்லை, போத்தலிலை இருந்த பொடி எழுத்தை ஆர் வாசிச்சது?

"நீ என்ன எஞ்சினியரோ?" இல்லை. அதாலைதான் தெரிஞ்சவை எழுதினதை வாசிக்கிறன். சிரட்டைக் கரியை 800, 900 பாகை செல்சியஸிலை நீராவி விட்டுப் பதப்படுத்தினா, அதின்ரை நுண்துளையளிலை உந்த இரசாயனங்கள் ஒட்டிப் பிடிபடும். எங்கடை நாடு அந்தக் கரியை வெளிநாட்டுக்குக் கப்பலேத்துது; அங்கை தண்ணி சுத்திகரிக்கினம், இங்கை சொன்னா அம்மிக் காலமாம்! காத்துப் படாமல் கருக்கின உமியும் ஓரளவு பிடிக்கும் (அடுப்புச் சாம்பலைச் சொல்லேல்லை). மரத்தை உக்கப் பண்ணுற வெண்ணழுகல் பூஞ்சையின்ரை லாக்கேஸ் நொதியம் பிஸ்பினோலையே உடைக்கும். நாணலும் சம்பும் வளர்த்த சதுப்பு, கரண்ட் இல்லாமலே ஒரு பங்கைக் குறைக்கும்.

"கரி நிரம்பினா?" திரும்பச் சூடாக்கலாம். சரி, அடுத்தது.

"வவுனியாப் பக்கம் சிறுநீரக வருத்தக்காரருக்கு மெசின் வேண்டாமோ?" நான் எங்கை வேண்டாமெண்டனான்? அவைக்கும், தண்ணியிலை புளோரைட் கூடின இடத்துக்கும் அது வேணும். வெளியிலை போற குழாய்க்கு ஒரு கரித்தொட்டி, ஒரு சதுப்பு. அதைத்தான் கேட்டனான். அதுக்குத்தான் அந்தச் சிரிப்பு.

வன்னிக்கு மெசினும் பெயர்ப்பலகையும் வரும், நாங்கள் கைதட்டோணும். கேள்வி கேட்டா அபிவிருத்திக்கு எதிரி. இடம்பெயர்ந்து திரிஞ்ச நேரம் சீலைத்துணியிலை வடிச்சுக் குடிச்ச சனத்துக்குத் தண்ணியின்ரை அருமை தெரியாதெண்டு மைக்கைப் பிடிச்சுப் பாடம் எடுக்கினம். நல்லது, எதிரியெண்டே வைச்சுக்கொள்ளுங்கோ. அடுத்த கூட்டத்துக்கும் வருவன், முன்வரிசையிலை ஒரு கதிரை போட்டு வையுங்கோ.