1942-இல் ஐ.நா. எங்கே இருந்தது?

“பர்மாவுக்குக் கொண்டுவிக்க (கடல் கடந்து வட்டித்தொழில் செய்ய) போன நம்ம செட்டிநாட்டு ஆட்கள் 1942-இல் நடந்தே திரும்பியபோது, ஐ.நா. அகதிகள் ஆணையம்தான் முகாம் போட்டுச் சோறு போட்டது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்போது ஐ.நா.வே கிடையாது. அது வந்தது 1945-இல். அகதிகள் ஆணையம் உருவானது 1950 டிசம்பரில்.

ஜப்பான் படையெடுப்புக்குத் தப்பி, பர்மா எல்லையிலுள்ள தமு, மணிப்பூரின் பலேல், இம்பால் என்று மலையேறி வந்தவர்களுக்கு வழியில் முகாம் நடத்தியதில் பெரும்பங்கு இந்தியத் தேயிலைச் சங்கத்துக்கு. அஸ்ஸாம் தோட்டத் தொழிலாளர்களைக் கூட்டிவந்துதான் பாதை போட்டார்கள், அரிசி சுமந்தார்கள். வெள்ளைக்காரருக்கு ஒரு பாதை, பெட்டியடிப் பையனுக்கும் (செட்டியார் கடையின் இளநிலை ஊழியனுக்கும்) கூலிக்கும் வேறு பாதை என்ற புகாரும் அப்போதே எழுந்தது. அதை யாரும் பேசுவதில்லை.

சரி, அப்புறம் 1964. பர்மாவின் ராணுவ ஆட்சியாளர் நே வின் அரசு கடைகளை நாட்டுடைமையாக்கியபோதும், ஆட்களை ஏற்றிவரக் கப்பல் அனுப்பியது இந்திய அரசுதான். ஐ.நா.வின் 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா இன்றுவரை கையெழுத்தே போடவில்லை.